உயிலும் பவரும்: கையெழுத்துக்குப் பின்னால் நிற்பவர்கள்

(கனகம்மாசத்திரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைப் பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். திருத்தணிக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவில் இருக்கும் ஊரில் அப்படி எதிர்பார்ப்பது இயல்புதான். நான் சொத்து வழக்குகளில் வாழ்நாளைக் கழித்த வழக்கறிஞன். எனக்குத் தெரிந்தது பத்திரம். இந்த நெடுஞ்சாலையின் இருபுறமும் நெல் விளைந்த வயலில் இன்று மனைக்கல் நட்டிருக்கிறார்கள். கல் நட்ட இடத்தில் எல்லாம் யாரோ ஒரு பெரியவரிடம் யாரோ ஒரு கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பக்கத்திலேயே தொடங்குகிறேன். திருவாலங்காட்டுச் செப்பேடுகளைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் இராசேந்திர சோழன் பழையனூர் என்ற ஊரை ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்ததைச் சொல்லும் 31 ஏடுகள். வரலாற்று ஆசிரியர்கள் அதிலுள்ள வடமொழிப் பகுதியைச் சோழர் மரபுக்காகப் படிக்கிறார்கள். வழக்கறிஞன் படிக்க விரும்புவது தமிழ்ப் பகுதியை. கொடுத்தது எந்த நிலம், அதன் எல்லை எது எதைத் தொட்டுப் போகிறது, எந்தெந்த அதிகாரிகள் அதற்குப் பொறுப்பேற்றார்கள் என்று பொறுமையாக எழுதியிருக்கிறார்கள். கொடுப்பவன் பேரரசன், அவன் சொல்லை எதிர்த்துப் பேச ஆளில்லை. அவனே எல்லையையும் பொறுப்பாளர் பெயர்களையும் விடவில்லை.

அதே பழையனூருக்கு இன்னொரு கதையும் உண்டு. நீலி கதை. பேய் மகளாகிய நீலி ஒரு வணிகனின் மனைவி என்று வேடம் பூண்டு ஊர் அவைக்கு வருகிறாள். அவளோடு போனால் உயிர் போகும் என்று வணிகன் நடுங்குகிறான். உனக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வேளாளர் எழுபது பேர் வாக்குக் கொடுக்கிறார்கள். இரவில் அவன் கொல்லப்படுகிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். வழிவழியாக வரும் கதைதான். ஆனால் ஒருவருக்காகப் பொறுப்பேற்பது எவ்வளவு கனமான காரியம் என்பதை இந்த வட்டாரம் எந்தச் சட்டப் புத்தகமும் வருவதற்கு முன்பே அறிந்திருந்தது. இன்று பதிவு அலுவலக வாசலில், டீக்கடையில் நிற்கிற யாரையோ கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்கிறோம். ஊர் தெரியாது, பேர் தெரியாது. நான் பார்த்த உயில் வழக்குகளில் பாதிக்கு மேல் அந்த டீக்கடையில்தான் தோற்றன.

ஏன் என்று விளக்குகிறேன். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு கேட்பதெல்லாம் இவ்வளவுதான்: எழுதி வைப்பவர் கையெழுத்திடவோ கைநாட்டு வைக்கவோ வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்துதான் என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும், அவர் கண் முன்னால் அவர்களும் கையெழுத்திட வேண்டும். பள்ளி நோட்டில் கிழித்த தாளில் எழுதினாலும் இந்த மூன்றும் இருந்தால் அது உயில். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது சாட்சிகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. மடித்துப் பிடித்துக்கொண்டு, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டலாம்.

எழுதுவது இவ்வளவு எளிது. மெய்ப்பிப்பதுதான் கடினம். உயில் பேசத் தொடங்கும் நேரத்தில் அதை எழுதியவர் இல்லை. என் மனத்தில் இருந்தது இதுதான் என்று எழுந்து நின்று சொல்ல அவரால் முடியாது. அதனால்தான் சாட்சியச் சட்டம் ஒரு தனி விதி வைத்திருக்கிறது. சாட்சிகள் உயிரோடு இருந்து, வரக்கூடிய நிலையில் இருந்தால், அவர்களில் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். பதிவு செய்த தானப் பத்திரத்துக்கோ அடமானப் பத்திரத்துக்கோ, எழுதியவரே மறுக்காதவரை இந்தக் கட்டாயம் கிடையாது. உயிலுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. பதிவு செய்திருந்தாலும் சாட்சி வந்துதான் ஆக வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் விதி அப்படியேதான் இருக்கிறது. ‘ரெஜிஸ்டர் பண்ணிட்டோம், இனி யாரும் அசைக்க முடியாது’ என்று நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு இது தெரியாது.

ஆகவே சாட்சியாக நிற்பவர் உங்களை விட இளையவராக இருக்கட்டும். உள்ளூரில் வேரூன்றியவராக இருக்கட்டும். இருபது ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்க வேண்டும். ஆசிரியர், மருத்துவர், வங்கியில் வேலை பார்ப்பவர் என்று யாராவது. உயிலில் பயன்பெறுபவரைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். இந்துக்களைப் பொறுத்தவரை அதனால் மட்டும் சொத்து போய்விடாது என்றாலும் சந்தேகம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

சந்தேகம் என்ற அந்தச் சொல்லை நீதிமன்றம் மிகவும் யோசித்துப் பயன்படுத்துகிறது. வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா என்று மைசூர்ப் பக்கத்து வழக்கு ஒன்று. உச்ச நீதிமன்றம் 1958 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. இன்றும் எந்த உயில் வழக்கிலும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். உயிலை எழுத வைப்பதில் முன்னின்று ஓடியாடியவரே அதில் பெரும்பங்கும் பெற்றால், அந்தச் சந்தேகத்தைத் துடைக்கும் சுமை அவர் தலையில் விழும் என்பது அதன் சாரம். படுக்கையில் கிடக்கும் அப்பாவை ஒரு மகன் மட்டும் காரில் ஏற்றிப் பதிவு அலுவலகம் போவது, மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது, கையெழுத்து நடுங்கியிருப்பது, பெண் பிள்ளைக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று ஒரு வரி காரணம்கூட இல்லாதது. இவை சேரச் சேர உண்மையான உயிலும் பொய் போலத் தோன்றும்.

காரணம் எழுதுங்கள் என்று என்னிடம் வருபவர்களிடம் எல்லாம் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். மூத்தவனுக்குப் படிப்புக்குச் செலவழித்தேன், ஆகவே வீடு இளையவனுக்கு. மகளுக்கு நகை போட்டதோடு கடமை தீரவில்லை, ஆகவே இந்த இரண்டு மனை அவளுக்கு. பெற்றவர் வாக்கில் இப்படி ஒரு வரி இருந்தால், சில நேரம் பிள்ளைகள் நீதிமன்றத்துக்கே வருவதில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989 முதலும் நாடு முழுவதற்கும் 2005 முதலும் இதுதான் சட்டம். தகப்பன் தன் பங்கை உயில் எழுதலாம். மகளின் பங்கை எழுத முடியாது. இதைத் தெரியாமல் முழு நிலத்தையும் ஆண் பிள்ளைகளுக்கு எழுதி வைத்து, அந்த உயிலே சண்டைக்கு வித்தான வீடுகள் ஏராளம்.

எப்போது எழுதுவது என்பதற்கு இந்த மாவட்டத்தில் பிறந்த ஒருவரையே சொல்கிறேன். பச்சையப்ப முதலியார் 1754இல் பெரியபாளையத்தில் பிறந்தார். பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர். சென்னைக்கு வந்து துபாஷாக, அதாவது ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் உயர்ந்து, நாற்பது வயதுக்குள் பெரும்பொருள் ஈட்டினார். 1794 மார்ச் 22ஆம் நாள் கும்பகோணத்தில் உயில் எழுதினார். மார்ச் 31ஆம் நாள் திருவையாற்றில் காலமானார். இடையில் ஒன்பதே நாள். கோயில் கட்டளைகளுக்கும் அன்னதானத்துக்கும் பிற அறங்களுக்கும் அவர் விட்டுச் சென்ற செல்வம் ஒரு லட்சம் வராகன், அன்றைய கணக்கில் சுமார் மூன்றரை லட்சம் ரூபாய் என்று சொல்வார்கள். அத்தனையும் எழுத்தில் இருந்தது. நிறைவேறியதா? வழக்கு, எதிர்வழக்கு என்று பணம் முடங்கிக் கிடந்தது. சென்னை அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் விடாமல் முயன்றதில்தான் உச்ச நீதிமன்றம் என்று அன்று அழைக்கப்பட்ட சென்னை நீதிமன்றத்தின் மேற்பார்வையில் ஓர் அறக்குழு அமைந்தது. வட்டியோடு வளர்ந்திருந்த உபரித் தொகையிலிருந்து 1842இல் பள்ளி தொடங்கியது. உயிலுக்கும் பள்ளிக்கும் நடுவில் நாற்பத்தெட்டு ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் அந்த அறத்தால் வயிறு நிறைந்திருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் பசியோடு போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

எழுதிய சொல்லை நடத்திக் காட்ட ஒரு கை வேண்டும். உயிலில் அவருக்கு நிறைவேற்றுநர் என்று பெயர். நம் பக்கத்து உயில்களில் பெரும்பாலும் இந்த வரியே இருப்பதில்லை. யாரைப் போடுவது என்று உடம்பு நன்றாக இருக்கும்போது யோசியுங்கள். அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். ஒருவருக்குப் பின் இன்னொருவர் என்று இரண்டு பெயர் எழுதுங்கள்.

இனி பவர் என்று நாம் சொல்லும் அதிகாரப் பத்திரத்துக்கு வருகிறேன். நம் மக்கள் உயிலையும் பவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். ‘என் காலத்துக்கு அப்புறம் பிரச்சினை வரக் கூடாதுன்னு பையனுக்குப் பவர் எழுதிக் கொடுத்துட்டேன்’ என்று ஒரு பெரியவர் சொல்லும்போது எனக்குத் தூக்கிவாரிப் போடும். பவர் பத்திரம் அவர் காலத்தோடு முடிந்துவிடும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது: அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை தவறினாலோ முகவரின் அதிகாரம் முடிகிறது. அதற்குப் பிறகு முகவர் பதியும் கிரயம் நிற்காது. உயிலோ அவர் இறந்த நொடியில்தான் உயிர் பெறுகிறது. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழிக்கலாம். ஒன்று முடியும் இடத்தில் மற்றது தொடங்குகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுக்காக இங்கே வரி கட்ட, வாடகை வாங்க, ஒரு கிரயத்தை முடிக்கப் பவர் வேண்டும். இறந்த பின் யாருக்கு என்பதற்கு உயில் வேண்டும். இதற்கு அதைப் பயன்படுத்தினால் இரண்டும் கெடும்.

நெடுஞ்சாலை ஓரத்து நிலங்களில் நடப்பது வேறு. முன்பணம் கொடுத்து, மீதியை மனை விற்ற பின் தருகிறேன் என்று சொல்லி, விவசாயியிடம் பொது அதிகாரப் பத்திரம் வாங்குகிறார்கள். பத்திரத்தில் ‘ரத்து செய்ய இயலாத’ என்று ஒரு வார்த்தையை நுழைத்துவிடுகிறார்கள். முகவருக்கே அந்தச் சொத்தில் பணம் சார்ந்த உரிமை இருந்தால் அந்தப் பவரை எளிதில் ரத்து செய்ய முடியாது என்பது 202ஆவது பிரிவு. கையெழுத்துப் போட்டவருக்கு அந்த வார்த்தையின் பாரம் தெரிவதில்லை. மனைகள் ஒவ்வொன்றாகக் கைமாறும். அவர் வீட்டுத் திண்ணையில் மீதித் தொகைக்காகக் காத்திருப்பார். விற்பதாக இருந்தால் விற்றுவிடுங்கள். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு கிரயம் எழுதிக் கொடுங்கள். அதற்குப் பவர் எதற்கு?

வாங்குகிறவர்களும் கேளுங்கள். ஒப்பந்தம், பவர், உயில் என்று மூன்று தாளையும் சேர்த்துக் கொடுத்து, இதுவே கிரயம் மாதிரிதான் என்று சொல்வது வட இந்திய நகரங்களில் பெரும் வழக்கமாக இருந்தது. சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபர் 11ஆம் நாள் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்தத் தாள்களால் சொத்துரிமை மாறாது. பதிவு செய்த கிரயத்தால்தான் மாறும். தமிழ்நாட்டில் அசையாச் சொத்து தொடர்பான பவர் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2012இல் கொண்டு வந்த சட்டத் திருத்தம் கட்டாயமாக்கியது. அதன் பிறகும் வாங்குபவர் ஒன்று செய்ய வேண்டும்: பவர் கொடுத்தவரை நேரில் போய்ப் பாருங்கள். உயிரோடு இருக்கிறார் என்று சான்று கொண்டு வருவார்கள். சான்றை விட மனிதரைப் பார்ப்பது மேல். பவர் கொடுத்தவர் அதை ரத்து செய்ய விரும்பினால், பதிவு அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் எழுதினால் மட்டும் போதாது. முகவருக்கும் அவரோடு பேரம் பேசுபவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அவர்களுக்குத் தெரியும் வரை ரத்து அவர்களைப் பொறுத்தவரை ரத்தாகாது.

பவருக்கும் உயிலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பெரியவர் உயிரோடு இருக்கிறார்; நினைவு தப்பிவிட்டது. உயில் இன்னும் பேச முடியாது. பவரின் வாய் அடைந்துவிட்டது. வங்கியில் அவர் பெயரில் பணம் கிடக்க, அவர் மருந்துக்குப் பிள்ளைகள் கடன் வாங்கும் கொடுமையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிரிட்டனில் 1985ஆம் ஆண்டிலிருந்தே, மனம் தடுமாறிய பிறகும் செல்லுபடியாகும் அதிகாரப் பத்திரம் சட்டத்தில் உண்டு. சிங்கப்பூரிலும் 2010 முதல் உண்டு. அங்கே உள்ள நம் உறவினர்களைக் கேட்டால் சொல்வார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. காப்பாளராக நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. மறதி நோய் பெருகி வரும் காலத்தில் இது பெரும் குறை. நாடாளுமன்றத்தில் இதற்கு ஒரு சட்டம் வர வேண்டும் என்று நான் மனமாரக் கேட்கிறேன். அது வரும்வரை, கணவன் மனைவி இருவர் பெயரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். செய்யக்கூடியது அவ்வளவுதான்.

எல்லையோர ஊர் என்பதால் ஒரு வார்த்தை. திருத்தணி 1960 ஏப்ரல் 1ஆம் நாள்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள் பல தெலுங்கில் இருக்கும். பாட்டிக்கு நகரியில் ஒரு காணி, தாத்தாவுக்குப் பள்ளிப்பட்டில் தறி வீடு, மகள் புத்தூரில். ஒரே உயிலில் இரு மாநிலச் சொத்தையும் எழுதலாம். வாரிசுரிமைச் சட்டம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் சொத்து விவரத்தை ஒழுங்காக எழுத வேண்டும். பழைய பத்திரத்து எண்ணை மட்டும் போடாதீர்கள். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் இங்கே உட்பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய எண், புதிய எண், பட்டா எண், நான்கெல்லை, எல்லாம் வேண்டும். தெலுங்குப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதைத் தமிழில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இராசேந்திரன் எல்லை எழுதினான், நாமும் எழுதலாம்.

பிள்ளைகள் பெயருக்கு உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மெண்ட் எழுதிவிடுவது இப்போது அதிகம். உயிலை மாற்றலாம், செட்டில்மெண்டை எழுதிய பின் மாற்ற முடியாது. அப்படி எழுதுவதானால், கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவில், அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். திருத்தணியிலேயே கோட்டாட்சியர் இருக்கிறார்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் தாய்மார்களிடம் பேச வேண்டும். உயில் என்றால் ஆண்கள் காரியம் என்று ஒதுங்கியிருக்கிறீர்கள். உண்மையில் உயில் அதிகம் தேவைப்படுவது உங்களுக்குத்தான்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு வேறு வரிசை. உயில் இல்லாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வரிசையில் நிற்கிறாள். ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைகளும் கணவனும் இல்லாத நிலையில், அவள் சம்பாதித்த சொத்து கணவனின் வாரிசுகளுக்குப் போகிறது. அவளைப் பெற்ற தாய் தந்தை அவர்களுக்குப் பின்னால்தான். ஒரு பெண்ணின் வழக்கைச் சொல்கிறேன். 1955இல் திருமணம். மூன்றே மாதத்தில் கணவன் பாம்பு கடித்து இறந்தான். புகுந்த வீட்டார் துரத்திவிட்டார்கள். பெற்றவர்கள் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனாள், பல ஆண்டு உழைத்துச் சேமித்தாள். புகுந்த வீட்டிலிருந்து ஒருவர்கூட எட்டிப் பார்த்ததில்லை. 1996இல் உயில் எழுதாமல் இறந்தாள். அவள் தாய் கேட்டாள். கணவனின் உறவினர்களும் கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009இல் தீர்ப்பு: சட்டம் என்ன சொல்கிறதோ அதுதான், அனுதாபம் பார்க்க இயலாது. பணம் அவளைத் துரத்திய வீட்டாருக்குப் போனது.

அவள் ஒரு தாளில் நான்கு வரி எழுதி, உடன் வேலை பார்த்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் போதும். இந்தப் பகுதியில் தனியாக வாழும் ஆசிரியைகள் இருக்கிறார்கள், செவிலியர் இருக்கிறார்கள், பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறியில் உழைத்து வீடு கட்டிய விதவைகள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் தம்பி பெயரை நியமனதாரராகப் போட்டிருக்கிறேன் என்று சொல்வீர்கள். வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளத்தான் நியமனதாரர். அது யாருக்குச் சொந்தம் என்பதை வாரிசுரிமைதான் முடிவு செய்யும்.

எழுதிய பிறகு எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். பதிவு செய்தால் உயில் மூன்றாம் புத்தகத்தில் ஏறும்; வில்லங்கச் சான்றில் தெரியாது; நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் அதன் நகல் கொடுக்க மாட்டார்கள். யாருக்கு எழுதினேன் என்று வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். பதிவு செய்ய விருப்பமில்லை என்றால், உறையில் போட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் கேட்டால் திருப்பித் தருவார்கள். உங்களுக்குப் பின் உரியவர் கேட்டால், அவர் முன்னிலையில் உறையைப் பிரித்துப் பதிவு செய்வார்கள். உறை எங்கே இருக்கிறது என்பதை நிறைவேற்றுநரிடம் மட்டும் சொல்லி வையுங்கள்.

என் உரை முடிந்தது. பத்திர நகல் கொண்டு வந்திருப்பவர்கள் இருங்கள். ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து படித்துப் பார்க்கிறேன்.